அண்ணனின் கண்ணாடி அலமாரி

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஜன்னலோரம் கிடந்த சின்ன மேஜையில், அரிசியைவிடக் கொஞ்சமே பெரிதாக இருந்த, ஒரு பொம்மைக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை இடுக்கியில் பிடித்து, சாண்ட் பேப்பரில் மூன்று முறை தேய்த்தாள் பாப்பா. நாலாவது முறையும் தேய்க்கலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று கீழே வைத்தாள்.

ஐம்பத்தொரு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுவது கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிறந்த வீட்டில் கடைக்குட்டி. கல்யாணத்தோடு கழன்றிருக்க வேண்டிய பெயர், சீர் சாமான்களோடு புகுந்த வீட்டுக்கும் வந்துவிட்டது. வேலை பார்க்கும் பல் லேபில் மட்டும்தான் அவள் 'மேடம்'. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு பல் கேப்பும் பல்செட்டும் செய்வது அவள் தொழில். ஒருநாளும் பார்த்திராத வாய்க்குள் கச்சிதமாகப் போய் உட்காரும்படி ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கத் தெரிந்தவள்.

அந்தக் கை, முப்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடியும் பாகங்களை ஒட்டிப் பொம்மைக் கார் செய்யும் ஒரு கிட்டை வாங்கிக்கொண்டு வந்ததைத்தான் இரண்டு மாதமாக இந்த வீட்டால் செரிக்க முடியவில்லை.

"பையனுக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

பில் போடுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார் அவர். "பசை உள்ள இருக்காது. தனியா வாங்கணும்" என்றார்.

"தெரியும்" என்றாள் பாப்பா. தெரியும் என்று அவள் யாரிடமும் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

முதல் காரில் பெயின்ட் வழிந்தது. அதை உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தாள். பழைய நாளில் இல்லாத வசதியெல்லாம் இப்போது இருந்தது. பாகங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. கண்தான் பொருந்தவில்லை. லேபில் போட்டுக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இது இரண்டாவது கார். பாடிக்கு நீலம் அடித்தாகிவிட்டது. உள்ளே இருக்கைகள் ஒட்டியாகிவிட்டது.

"இந்த வயசுல எல்லாரும் முட்டிக்குத் தைலம் வாங்குவாங்க" என்று ஒரு நாள் சொன்னார் கணவர். கோர்ட்டில் டைப்பிஸ்ட். மற்றவர்கள் சொல்வதை அப்படியே அடித்துப் பழகிய மனிதர், சொந்தமாக எதையாவது சொன்னால் அது இந்த லட்சணத்தில்தான் வரும்.

மகள் சிட்டு மட்டும்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள். மூன்று வாரம் முன்பு, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள் பாப்பா. அண்ணன் ஆபீஸில் வைத்திருக்கும் ஆறு கார்களும் அண்ணன் செய்தவை அல்ல என்று.

கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா, ஒவ்வொரு தடவை வரும்போதும் அண்ணனுக்கு ஒரு கிட் கொண்டுவருவார். பாப்பாவுக்கு ரிப்பன். அண்ணன் பெட்டியைப் பிரித்து, இஞ்சினை ஒட்டி, கையெல்லாம் பசையாகி, எரிச்சலில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். பாப்பா அங்கிருந்து இழுத்து எடுப்பாள். இரண்டு மாதம் கழித்து ஒரு கார் வெளியே வரும். "என் பையன் கையைப் பாருங்க!" என்பார் அப்பா, வருகிறவர்களிடமெல்லாம். அண்ணன் மறுத்ததில்லை. பாப்பாவும் திருத்தியதில்லை.

"அடப்பாவி மாமா!" என்று அன்றைக்குச் சிட்டு சிரித்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரமே அந்த மாமாதான் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தான்.

"அம்மா! இன்னும் கிளம்பலியா? பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுறாங்க!"

சிட்டு வாசலில் நின்றாள். கருநீலக் கோட்டு, கழுத்தில் சின்னத் துணி, நெஞ்சில் மாமாவின் கம்பெனி வில்லை. பதினோரு மாதம் வேலை இல்லாமல் அறைக்குள்ளேயே சுருண்டு கிடந்த பெண்ணா இது? முதுகு நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் பாப்பா இடுக்கியை வைத்துவிட்டு எழுந்தாள்.

* * *

அண்ணனின் இரண்டாவது கார் ஷோரூம் அது. தரை முகம் பார்க்கலாம் போல் மின்னியது. ஐந்து புது கார்கள் துணி போர்த்தி நின்றன. கூட்டம், பூங்கொத்துகள், காகிதக் கோப்பையில் காபி.

"வாங்க மாப்பிள்ளை! வா பாப்பா!" அண்ணன் தோளில் தட்டினான். தலைக்குச் சாயம் போட்டிருந்தான். சிரிக்கும்போது அப்பாவின் சிரிப்பு அப்படியே வந்தது. "எங்க ரிசப்ஷனப் பாத்தியா? போய்ப் பாரு."

ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்கு. ஆறு தட்டில் ஆறு கார்கள்.

அவற்றைப் பார்த்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அப்பா போனபின் வீட்டைக் காலி செய்த அன்று அண்ணன் அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போனான். பாப்பா மூக்கு அலமாரிக் கண்ணாடியில் படும்வரை குனிந்தாள். மஞ்சள் காரின் பின்பக்கத்தில் பெயின்ட் காய்வதற்குள் தொட்டுவிட்ட தன் கட்டைவிரல் ரேகை இருந்தது. அன்று அதற்காக அழுதிருக்கிறாள். இன்று அதைப் பார்த்ததும் பழைய சினேகிதியைக் கண்டதுபோல் இருந்தது.

அப்புறம்தான் பித்தளைப் பலகையைப் படித்தாள்.

'எங்கள் நிறுவனர் பள்ளிப் பருவத்தில் தம் கைகளாலேயே உருவாக்கிய கார்கள். கனவு இங்கிருந்துதான் தொடங்கியது.'

வீட்டுக்குள் இருந்த பொய் வீட்டுக்குள்ளேயே இருந்தவரை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பித்தளையில் வெட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் காபிக் கோப்பை கையில் நசுங்கியது.

"தண்ணி வேணுமா?" என்றார் கணவர்.

"வேண்டாம்."

பதினொன்றரைக்கு டாக்ஸி முதலாளி வந்தார். முப்பது வாடகைக் கார் வைத்திருப்பவர். இன்னும் பன்னிரண்டு கார் எடுக்கப்போகிறார் என்பதால் அண்ணன் வாசல் வரை ஓடினான். ஆனால் வந்தவர் துணி விலக்கிய புதுக் கார் எதையும் பார்க்கவில்லை. நேராக அலமாரியிடம் போனார்.

"அடேங்கப்பா! நானும் கிட் கட்டுறவன் சார். நாப்பது வயசுக்கு மேல திரும்ப ஆரம்பிச்சேன். பெண்டாட்டி திட்டாத நாளில்ல." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "இந்தப் பச்சைக் கார்ல ஜன்னலைச் சுத்தி வெள்ளிக் கோடு போட்டிருக்கீங்களே, இது எப்படி? அந்தக் காலத்துல இதுக்கான தாளெல்லாம் கிடைச்சிருக்காதே?"

"வெள்ளிப் பெயின்ட்தான் சார்" என்றான் அண்ணன். "சன்னமான பிரஷ், பொறுமை. அவ்வளவுதான்."

"பெயின்ட் மாதிரித் தெரியலியே. பெயின்ட் இவ்வளவு வருஷத்துல மங்கிப் போயிருக்குமே."

பாப்பா இரண்டடி தள்ளி நின்றாள். பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். வாய் தன்னால் திறந்தது.

"சிகரெட் பெட்டிக்குள்ள இருக்கிற வெள்ளித் தாளுங்க. தண்ணில ஊற வச்சா பின்னால இருக்கிற காகிதம் தனியா வந்துரும். தாளை மட்டும் எடுத்து, கோந்தைத் தண்ணியாக் கரைச்சுத் தடவி ஒட்டணும். நகத்தால அழுத்தித் தேய்ச்சுட்டு மிச்சத்தைப் பிளேடால கீறி எடுக்கணும்."

டாக்ஸி முதலாளி திரும்பினார். "இவங்க யாரு?"

"என் தங்கச்சி." அண்ணன் சத்தமாகச் சிரித்தான். "பாப்பாதான் சார் அப்ப எனக்கு அசிஸ்டென்ட்! அப்பா குடிச்சுப் போட்ட சிகரெட் பெட்டியெல்லாம் பொறுக்கிக் கொண்டாந்து கொடுப்பா. நானே மறந்துட்டேன் பாருங்க, அவ ஞாபகம் வச்சிருக்கா."

"பொறுக்கிக் கொடுத்தவங்களுக்குப் பிளேடு பிடிக்கிறது வரைக்கும் தெரியுதே" என்றார் அவர். விளையாட்டாகத்தான் கேட்டார். பக்கத்தில் காபித் தட்டோடு வந்த சிட்டுவைப் பார்த்தார். "ஏம்மா, நீ இவங்க பொண்ணுதானே, முகம் அப்படியே இருக்கு. நீ சொல்லு. நெசமா யாரு செஞ்சது?"

அண்ணன் சிரித்தபடியே நின்றான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

சிட்டு ஒரு விநாடி அம்மாவைப் பார்த்தாள்.

"மாமாதான் சார்" என்றாள். தட்டு ஆடவில்லை, குரலும் ஆடவில்லை. "அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்களாம். நாங்க சின்ன வயசுலேர்ந்து கேக்கிற கதை இது."

காபி எடுத்துக்கொள்ளும்படி பாப்பாவிடமும் தட்டை நீட்டினாள். அம்மா முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினாள்.

பாப்பா எடுத்துக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டது.

அண்ணனுக்கு அதற்குமேல் குஷி தாங்கவில்லை. "கையில எடுத்தே பாருங்க சார்!" என்று அலமாரியைத் திறந்தான். பச்சைக் காரின் கூரையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தூக்கினான்.

கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். செய்தவர்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷத்துப் பிளாஸ்டிக், அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்.

டிக் என்று ஒரு சத்தம். கூரை கையோடு வந்தது. மீதிக் கார் தரையில் விழுந்தது. முன்கண்ணாடி தெறித்து டாக்ஸி முதலாளியின் ஷூவில் பட்டு நின்றது.

அவரே குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கப்பா முதல்ல ஓட்டினது இந்தக் கார்தான் சார்" என்றார். "இதே பச்சை. கேக்கிறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இதை நீங்க சரி பண்ணினதும் எனக்குத் தரமுடியுமா? செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட வர்றப்ப வாங்கிக்கிறேன்."

"உங்களுக்கு இல்லாததா?" என்றான் அண்ணன். "செஞ்ச கைக்கு ஒட்டத் தெரியாதா? நாளைக்கே ரெடி!"

* * *

பின்னால் காபி போடும் அறையில், விசிட்டிங் கார்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் டிஷ்யூ காகிதத்தைத் திணித்து, அதன்மேல் பச்சைக் காரை வைத்து நீட்டினான் அண்ணன்.

"நாளைக்குக் காலைல சிட்டுகிட்ட கொடுத்தனுப்பிடு பாப்பா."

"என்னைக் கேக்காம என் காரை எப்படித் தூக்கிக் கொடுத்தே?"

"உன் காரா?" அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "சித்தப்பா யாருக்கு வாங்கிட்டு வந்தாரு? எனக்குத்தானே? நான் பாதியில விட்டதை நீ ஒட்டினே. இல்லேங்கல. அதுக்காக?"

"பாதியிலயா? மஞ்சக் கார் பின்பக்கம் என் கட்டைவிரல் ரேகையே இருக்கு அண்ணா."

"யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?" கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இத்தனை வருஷம் இல்லாத பவுசு இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? நீயும் ஒரு பெட்டிய வாங்கி வச்சு ஒட்ட ஆரம்பிச்சியாமே, அதுலேர்ந்தா?"

"அந்தப் பலகையை எடுத்துடு. ஒட்டித் தர்றேன்."

"எடுத்துட்டு? 'என் தங்கச்சி செஞ்சது, நான் சும்மா சொல்லிக்கிட்டேன்'னு எழுதி வைக்கவா? என்கிட்ட கார் வாங்குறவன் நாளைக்கு வண்டியோட மைலேஜையும் நம்பமாட்டான்." பெட்டியை அவள் கையில் திணித்தான். "பாரு, சிட்டுவை நான் யாரு சொல்லியும் வேலைக்கு எடுக்கல. ஆசைப்பட்டு எடுத்தேன். இன்னிக்கு அவ நின்ன நிலையைப் பாத்தியா? நல்லா வருவா. நீ வந்து குறுக்க நிக்காதே."

அவன் மிரட்டுவதுபோல் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னான். அதுதான் பாப்பாவுக்கு அதிகமாக எரிந்தது.

"நான் செய்யமாட்டேன்" என்றாள்.

"செய்வே" என்றான் அண்ணன். வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

* * *

வீட்டுக்கு வரும்போது மணி நாலு. அட்டைப்பெட்டி சிட்டுவின் மடியில் இருந்தது.

செருப்பைக் கழற்றியதும் பாப்பா கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

சிட்டு கழுத்துத் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே நின்றாள். அது லேசில் அவிழவில்லை.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அத்தனை பேர் முன்னாடி, 'இல்ல சார், எங்க மாமா பொய் சொல்றாரு'ன்னா? இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள்மா."

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? 'எனக்குத் தெரியாது சார்'னு. அவ்வளவு போதுமே."

"அப்படிச் சொன்னாலே மாமா செய்யலன்னு அந்த டாக்ஸிக்காரருக்குப் புரிஞ்சிருக்கும்."

"அதனால என்னைப் பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்தவளா ஆக்கிட்டே."

கணவர் எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். "ஒரு பிளாஸ்டிக் காருக்காக..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் உட்கார்ந்துகொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம்மா" என்றாள் சிட்டு. முடிச்சு இன்னும் அவிழவில்லை. "முப்பத்தஞ்சு வருஷமா நீங்க வாயத் திறக்கல. தாத்தாகிட்ட சொல்லல. அப்பாகிட்ட சொல்லல. இன்னிக்குக் கூட அந்தப் பித்தளைப் பலகைக்கு முன்னால நின்னுக்கிட்டு, 'நான் செஞ்சது'ங்கிற ரெண்டு வார்த்தை உங்க வாயில வரல. தாள் எப்படி ஒட்டறதுன்னு பாடம் எடுத்தீங்க. நான் மட்டும் முதல் நாளே வேலையைத் தூக்கி எறிஞ்சுட்டு அதைச் சொல்லணுமா?"

மகள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம்.

"ஒட்டிக் கொடுத்துடுங்கம்மா. உங்களுக்கு ஒரு மணி நேரம். அதோட முடிஞ்சுது."

"முடியாது."

"எனக்காக."

"உனக்காகத்தான் காலைல வாயை மூடிக்கிட்டு நின்னேன். அதுக்கு நீ என்ன பண்ணினேன்னு பாத்தேன்ல."

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். "சரி. நானே ஒட்டிக்கிறேன்" என்றாள்.

சமையலறை டிராயரை இழுத்துத் துழாவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் சின்ன டியூப். அறுந்த செருப்புக்கும், உடைந்த கோப்பைக் காதுக்கும் போடுகிற அவசரப் பசை.

பாப்பா தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நீலக் காருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை.

மூன்றடி தூரத்தில் மகள் செய்வதெல்லாம் தெரிந்தது. கெட்டிக்காரப் பெண். கூரைத் தூணை முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தாள். சரியாகவே பொருத்தினாள். ஒரே சொட்டு. பதினைந்து எண்ணும்வரை பிடித்துக்கொண்டாள். அப்புறம் முன்கண்ணாடியை எடுத்து, ஓரத்தில் பசையை வரிசையாக வைத்து, மெதுவாக உள்ளே இறக்கினாள். விரல் படவில்லை. வெள்ளிக் கோடு கிழியவில்லை. யாரும் சொல்லித்தராமலே அந்தக் கை வந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் பாப்பா எழுந்துபோய் அந்த விரல்களை முத்தமிட்டிருப்பாள்.

ஆனால் அது அவசரப் பசை. அது காயும்போது ஆவி விடும். அந்த ஆவி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், கண்ணில் புரை விழுந்தமாதிரி. துடைத்தால் போகாது. கிட் கட்டுகிறவர்களில் கண்ணாடி பக்கம் அந்த டியூபைக் கொண்டுபோகிறவர் எவரும் கிடையாது. கிட் கட்டத் தெரிந்தவர் ஒட்டியதில்லை என்று கண்டுபிடிக்க டாக்ஸி முதலாளிக்கு ஒரு பார்வை போதும்.

இப்போது சொன்னால்கூடப் போதும். உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காற்றாட வைத்தால் காப்பாற்றிவிடலாம். பதினாறு வயதில் அந்தக் கண்ணாடியைப் பொருத்த அவளுக்கு ஒரு முழு விடுமுறை நாள் ஆனது.

பாப்பா வாயைத் திறக்கவில்லை.

சிட்டுவின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பேசினாள். "சொல்லுங்க மாமா... ஆமா, ஒட்டிட்டிருக்காங்க... அம்மாதான்... நாளைக்கே வர்றாராமா?... போட்டோகிராபருமா? சரி மாமா. ஒன்பதுக்கு நானே கையில எடுத்துட்டு வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பாருங்கம்மா. நல்லாத்தானே ஒட்டியிருக்கேன்?"

பாப்பா பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் ஒட்டியிருக்கே" என்றாள்.

சிட்டு அலமாரியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள். "தூசி படாம இதைக் கவுத்து வச்சிரட்டுமா? ஒண்ணும் ஆகாதுல்ல?"

மூடி வைத்தால் ஆவி வெளியே போகாது. முழுதும் உள்ளேயே நின்று வேலை செய்யும்.

கணவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பிப் பாப்பாவைப் பார்த்தார். சிட்டுவும் பதிலுக்காகக் காத்திருந்தாள். காலையில் தட்டை நீட்டியபோது பார்க்காத முகத்தை இப்போது நேராகப் பார்த்தாள்.

"வை" என்றாள் பாப்பா. "காலைல வரைக்கும் திறக்காதே."